வலது மூலையில் இருந்த பெயர்

மதியச் சங்கு ஊதிய பிறகு, ஒரு பனியன் கம்பெனியின் சைக்கிள் நிறுத்தத்தை ஒட்டிய சிமென்ட் மேடையில் உட்கார்ந்து, என் மகள் வரைந்த ஆறு படங்களை மடியில் அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் வலது கீழ் மூலையிலும் அவள் பென்சிலால் போட்டிருந்த பெயரை நான் அழித்தேன். அவள் சாப்பிட்ட கையைக் கழுவக் குழாயடிக்குப் போயிருந்தாள். அவளுடைய பென்சில் டப்பாவிலிருந்தே ரப்பரை எடுத்தேன். அழுத்தித் தேய்க்கவில்லை. தாளின் மேல்தோல் கிளம்பாமல், ஒரே திசையில், மெதுவாக. உதிர்ந்த தூளை ஊதி, புறங்கையால் ஒரு முறை தடவிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அவள் திரும்பி வருவதற்குள் ஆறையும் உறைக்குள் போட்டு மடித்துவிட்டேன்.

யாராவது இதைப் படித்தால், பெற்ற தாய் இப்படிச் செய்வாளா என்று தோன்றும். நான் அப்போது பதினொரு வருடமாகச் செக்கிங் மேஜையில் நின்றுகொண்டிருந்தவள். தைத்து முடித்த துணி எங்கள் கைக்கு வரும். தொங்கும் நூலை வெட்ட வேண்டும். எண்ணெய்க் கறை இருந்தால் மருந்து அடித்து எடுக்க வேண்டும். கட்டிங்காரர் சாக்பீஸில் போட்ட கோடு, டெய்லர் அளவுக்கு வைத்த பென்சில் புள்ளி, பண்டலில் ஒட்டிய எண் சீட்டு எல்லாவற்றையும் நீக்க வேண்டும். துணியில் துணியைத் தவிர வேறு எதுவும் இருக்கக் கூடாது. யார் வெட்டினார், யார் தைத்தார் என்பதற்கு ஒரு தடயமும் இல்லாமல் அது பெட்டிக்குள் போனால்தான் சரக்கு தேறியது என்று பொருள். அந்தப் பழக்கம் எனக்குக் கண்ணில் ஏறி, கையில் இறங்கியிருந்தது. தாளின் மூலையில் இருந்த என் மகளின் பெயர் அன்று எனக்குப் பெயராகத் தெரியவில்லை. எடுக்க வேண்டிய ஒரு மார்க்காகத்தான் தெரிந்தது.

எங்களுக்குத் தெற்கே திசையன்விளைப் பக்கம். நான் பிளஸ் டூ வரை படித்தேன். கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்தபோது கணவருக்குச் சாயப்பட்டறையில் வேலை. நான் முதலில் ஓவர்லாக் டெய்லராக இருந்தேன்; முதுகு வலி வந்த பிறகு செக்கிங்குக்கு மாறினேன். மகள் வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு ஒன்றில் வளர்ந்தவள். பனியன் மடித்து வைக்கும் வெள்ளை அட்டைகளைக் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து கொடுப்பேன். அவற்றில் எதையாவது வரைந்துகொண்டே இருப்பாள். பின்னலாடை வடிவமைப்பு என்று ஒரு பட்டப் படிப்பு இருப்பதாகக் கேள்விப்பட்டு அவளே விண்ணப்பம் வாங்கி வந்தாள். கணவரின் அக்கா, எனக்கு மதினி, அந்த வருடம் ஊரிலிருந்து வந்திருந்தார். "அளவு, கலரு, பட்டன் எங்க வரணும்னு எல்லாத்தையும் வெள்ளைக்காரன் வரஞ்சு அனுப்பிருதாம்லா? பெறவு நம்ம புள்ள என்னத்தட்டி வரையப் போறா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம். மகளும் சிரித்தாள். மூன்று வருடம் கழித்து அந்தக் கேள்வியை ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் வேறு வேறு வார்த்தைகளில் கேட்க வேண்டியிருக்கும் என்று அப்போது தெரியவில்லை.

படிப்பு முடிந்ததும் வேலை தேட ஆரம்பித்தாள். தனியாக அனுப்ப எனக்குப் பயம். லீவு போட்டுவிட்டுக் கூடவே போனேன். வாட்ச்மேன் எங்கள் இருவரையும் பார்த்து, "டெய்லருங்களா, கைமடிங்களா?" என்று கேட்பார். கைமடி என்றால் டெய்லருக்குக் கூடமாட உதவும் ஆள். டிசைனர் என்று மகள் சொன்னால், ஒரு நிமிடம் யோசித்துவிட்டு உள்ளே போன் போடுவார். உள்ளே கிடைத்த பதில்கள் எல்லாம் மரியாதையானவை. "டிசைனருன்னு தனியா யாரையும் வெக்கறதில்லீங்க. ஆர்டர் குடுக்கற பையர் அனுப்பறதத்தான் நாம பண்றமுங்க." "எக்ஸ்பீரியன்ஸ் இருக்குதுங்களா? ரெண்டு வருசம் எங்கியாச்சும் இருந்துட்டு வாங்க." "பொம்பளப் புள்ளைங்களுக்கு டாக்குமென்டேஷன்ல போடலாமுங்க, சிஸ்டம் தெரியுமுங்களா?" ஒரு இடத்தில் முதலாளியின் சம்சாரம் ஃபைலை முழுக்கப் பார்த்துவிட்டு, "நொம்ப நல்லா இருக்குது கண்ணு. எங்க பாப்பாவுக்கு வீட்டுக்கு வந்து டிராயிங் சொல்லிக் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். வெளியே வந்த பிறகு மகள் ரோட்டோரம் நின்று சிரித்தாள். அது ஐந்தாவது கம்பெனியோ ஆறாவதோ. அதற்குப் பிறகு சிரிப்பதையும் விட்டுவிட்டாள். கூடப் படித்தவர்களில் ஒருத்தி உடுமலைப்பேட்டைக்குக் கல்யாணமாகிப் போனாள். இன்னொருத்தி ஜவுளிக் கடையில் பில் போட்டாள். ஒவ்வொரு செய்தி வரும்போதும் நான் மகளின் முகத்தைப் பார்ப்பேன். "நீ எதுக்கும்மா இப்படிப் பாக்கறே?" என்பாள். எப்படிப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது.

அப்போதுதான் பல்லடம் ரோட்டில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் டிசைனருக்கு டிரையல் நடக்கிறது என்று கேள்விப்பட்டேன். டிரையல் என்ற சொல்லைக் கேட்டதும் எனக்குத் தைரியம் வந்தது. அது எனக்குத் தெரிந்த முறை. திருப்பூரில் டெய்லரிடம் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. மெஷினில் உட்காரச் சொல்வார்கள். ஓடிக்கொண்டிருக்கும் சரக்கிலிருந்தே ஒரு பண்டலை எடுத்துப் போடுவார்கள். அரை நாள் தைக்க வேண்டும். தையல் பிடித்திருந்தால் மதியத்துக்கு மேல் வேலை. பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விட வேண்டியதுதான். தைத்த துணி பண்டலோடு பண்டலாகப் போய்விடும். அதை யாரும் தப்பென்று நினைத்ததில்லை. நானே நாலு கம்பெனியில் அப்படித் தைத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். டிரையலில் உட்கார்ந்துவிட்டால் கையை மிச்சம் பிடிக்கக் கூடாது. இருக்கிற வித்தையெல்லாம் காட்டிவிட வேண்டும். பாதியில் எழுந்தால் பெயர் கெட்டுவிடும். இதுதான் எனக்குத் தெரிந்த சட்டம்.

அங்கே டிசைன் இன்சார்ஜ் என்று ஒருவர் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். குரலை உயர்த்தியே பேச மாட்டார். குழந்தைகளுக்கான இரவு உடுப்புக்குப் படங்கள் வேண்டும் என்று சொல்லி மகளை ஒரு மேஜையில் உட்கார வைத்தார். என்னையும் வெளியே அனுப்பாமல் ஒரு நாற்காலி போட்டார். பதினொரு மணிக்கு இருவருக்கும் டீயும் போண்டாவும் வந்தது. "ஒண்ணும் அவசரமில்லீங்க கண்ணு, பொறுமையா வரைங்க" என்று இரண்டு முறை வந்து சொன்னார். மகள் யானை, பலூன், நிலா என்று நாலு படம் போட்டாள். அவர் அவற்றைப் பார்த்துவிட்டு, அவள் கொண்டுவந்திருந்த ஃபைலைப் புரட்டினார். ஓரிடத்தில் கை நின்றது. "இது நல்லா இருக்குதுங்களே."

அது காக்காய்ப் படங்கள். எங்கள் லைன் வீட்டுக் கொடியில் துணி காயப்போட்டால் ஒரு காக்காய் வந்து மஞ்சள் கிளிப்பைப் பிடுங்கிக்கொண்டு போகும். துணி மண்ணில் விழும். நான் கரண்டியோடு துரத்துவேன். அதை வைத்து மகள் ஆறு படம் வரைந்திருந்தாள். கொடியில் குழந்தைச் சட்டைகள் வரிசையாகத் தொங்கும். ஓரத்தில் காக்காய் அலகில் கிளிப்போடு, ஒன்றும் தெரியாததுபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கும். முதுகுப் பக்கத்துக்கென்று தனியாக ஒரு கிளிப் மட்டும். படிப்பின் கடைசி வருடம் முழுக்க அதில்தான் இருந்தாள்.

"மொதலாளி சாயங்காலம் வருவாருங்க. இந்த ஆறையும் எடுத்துக் கவர்ல போட்டுக் குடுத்துருங்க. எல்லாஞ் சுத்தமா இருக்கோணும். மேல ஒரு மார்க்குகூட இருக்கக் கூடாதுங்க" என்றார்.

"ஜெராக்ஸ் எடுத்துக் குடுக்கறனுங்க சார்" என்றாள் மகள்.

"கலரு வராதுங்களே கண்ணு."

சாப்பாட்டு வேளையில் வெளியே வந்து உட்கார்ந்ததும், "எம்மா, இத மட்டும் நான் குடுக்கல. வேற என்ன கேட்டாலும் வரஞ்சு தாரேன்" என்றாள். நான்தான் பேசினேன். அன்று பேசியதுபோல நான் எங்கேயும் பேசியதில்லை. "ஏட்டி, டிரையல்ல உக்காந்துட்டு மடியில ஒளிச்சு வைக்கப்படாது. அந்த மனுசன் வாய்விட்டு நல்லா இருக்குங்காரு. இதுக்கு முன்ன யாரு சொன்னா? வேலை கெடச்சா நூறு காக்கா வரையலாம்ட்டி." அவள் தயிர்சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கடைசியில், "சரி, குடு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள். அப்போதுதான் நான் ரப்பரை எடுத்தேன். இன்சார்ஜ் "மார்க்" என்று சொன்னபோது எதை மனத்தில் வைத்துச் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கைரேகை, எண்ணெய்ப் பிசுக்கு என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கலாம். பெயரை அழிக்கச் சொல்லி அவர் கேட்கவில்லை.

கூப்பிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். எங்களுக்குப் போன் கிடையாது. வீட்டுக்காரம்மாவின் எண்ணைத்தான் கொடுத்திருந்தோம். முதல் வாரம் மகள் அவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை. "போன் வந்துச்சுங்களாக்கா?" என்று இவள் கேட்கும் குரலும், "இல்லீங் கண்ணு, வந்தா நானே ஓடி வந்து சொல்ல மாட்டனா?" என்று அந்த அம்மா சொல்லும் குரலும் எங்கள் சமையற்கட்டு வரை கேட்கும். இரண்டு முறை நேரில் போனோம். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. சார் சென்னை போயிருக்கிறார் என்றார். நாலு மாதம் போனது.

அந்தச் சமயம் நான் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் ஒரு சின்ன யூனிட்டில் செக்கிங்கில் இருந்தேன். பெரிய கம்பெனிகளில் முடிக்க முடியாத சரக்கு எங்களுக்கு வரும். ஒரு வியாழக்கிழமை காலை குழந்தைகளின் இரவு உடுப்பு வந்து இறங்கியது. எதிரே நின்ற பெண் ஒன்றை விரித்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இந்தக் காக்காயப் பாருங்களே. களவாணி! திருடிட்டு மூஞ்சிய எப்படி வெச்சிருக்குது!" என்று சிரித்தாள். மேஜையில் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.

காக்காய் நீல நிறத்தில் இருந்தது. குழந்தைத் துணிக்குக் கறுப்பு வேண்டாம் என்று யாரோ மாற்றியிருக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்படியே. மஞ்சள் கிளிப் அதேதான். கொடியின் நடுவில் லேசான தொய்வு, அதுவும் அதேதான். எங்கள் கொடி அந்த இடத்தில்தான் தொய்ந்திருக்கும். திருப்பினேன். முதுகில் தனியாக ஒரு கிளிப். கையில் கத்தரியோடு நின்றேன். சூப்பர்வைசர், "என்னங்க்கா, பிரிண்ட் ஏதாச்சும் தப்பா?" என்று கேட்டார். "இல்லீங்க, நல்லா இருக்கு" என்றேன். அன்று சாயங்காலம் வரை அந்தத் துணிகளைத்தான் பார்த்தேன். நூலை வெட்டினேன், கறையை எடுத்தேன், மடிக்கப் போட்டேன். கறையில்லாத துணி நல்லபடியாகக் கப்பலேறட்டும் என்று என் கை தன்பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

எட்டு நாள் மகளிடம் சொல்லவில்லை. அந்த எட்டு நாளும் அவள் போன் வந்ததா என்று கேட்கப் போனாள். ஒன்பதாம் நாள் காலையில் செருப்பை மாட்டியவளைப் பிடித்து உட்கார வைத்துச் சொன்னேன். துணியைப் பற்றி மட்டும்தான். அழித்ததைச் சொல்ல வாய் வரவில்லை. அவள் அழவில்லை, முகம் வெளிச்சமானது. "நெஜமாவாம்மா? பையருக்குப் பிடிச்சிருக்கு! ஆர்டராவே ஆயிருச்சு! இது என்னோடதுன்னு சொன்னா இனி யாரும் எக்ஸ்பீரியன்ஸ் கேக்க மாட்டாங்கல்ல? ஒவ்வொண்ணுலயும் எம் பேரு இருக்கு, எடுத்துக் காட்டச் சொன்னாப் போதும்." தலை சீவிக்கொண்டே பேசினாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் புடவை மாற்றிக்கொண்டு அவள் பின்னால் போனேன்.

இந்த முறை உள்ளே விட்டார்கள். இன்சார்ஜ் எங்களை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். மகள் எழுந்து நின்றபடியே பேசினாள். "சார், அந்தக் காக்கா டிசைன் என்னோடதுங்க. நீங்க வாங்கி வெச்ச ஒரிஜினல்ல வலது மூலையில எம் பேரு இருக்குதுங்க. எடுத்துப் பாருங்க."

அவர் மறுக்கவில்லை. பீரோவைத் திறந்து, தேடி, அதே உறையை எடுத்துவந்து மேஜையில் ஒவ்வொன்றாகப் பரப்பினார். குனிந்து பார்த்தார். "பேரு எதுவும் இல்லீங்களே கண்ணு" என்றார். நடிப்பாக எனக்குத் தோன்றவில்லை. "மாசத்துக்கு இத்தன புள்ளைங்க டிரையலுக்கு வர்றாங்க. எது யாருதுன்னு நாங்க எப்படிங்க சொல்றது?"

மகள் ஒரு தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். மூலையில் கட்டைவிரலை வைத்து மெதுவாகத் தடவினாள். பிறகு அடுத்த தாள். பிறகு அடுத்தது. ஆறையும் பார்த்தாள். தோல் கிளம்பாமல், ஒரே திசையில் அழித்தால் தாள் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் அவள் நோட்டுகளில் தப்பான விடைகளை நான்தான் அப்படி அழித்துக் கொடுப்பேன். என் பக்கம் திரும்புவாள் என்று காத்திருந்தேன். திரும்பவே இல்லை. தாள்களை ஒழுங்காக அடுக்கி உறைக்குள் போட்டு அவரிடமே கொடுத்தாள்.

அவர் உறையைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். "வேலை வேணும்னா இருக்குதுங்க கண்ணு. பையரு இதே மாதிரி இன்னுங் கொஞ்சம் கேக்கறாங்க. திங்கக்கெழம வாங்க" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் வீரபாண்டிப் பிரிவைத் தாண்டியது. பிறகு வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"எல்லாத்துலயுமா?"

"ஆறுலயும்."

அவ்வளவுதான். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செக்கிங்கைப் பற்றி, மார்க்கைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பேன். அதை மனத்துக்குள் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒரு தடவைகூட அது காரணமாக ஒலித்ததில்லை.

திங்கட்கிழமை அவள் கிளம்புவதைப் பார்த்துவிட்டு வாசலை மறித்தேன். "அங்க போவாண்டாம்ட்டி. வேற எடம் பாப்போம். நான் கூட வாரேன்" என்றேன். அவள் டிபன் டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டே, "நீ கேட்டது வேலைதானம்மா? கெடச்சிருச்சு. நகரு" என்றாள்.

ஆறு வருடமாக அங்கேதான் இருக்கிறாள். நல்ல மாதிரி வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டு ஆர்டர் குறைந்து, ஊரில் பாதி மெஷின் நின்றபோது டிசைன் பிரிவில் நாலு பேரை நிறுத்தினார்கள், இவளை நிறுத்தவில்லை. மகள் என்ன செய்கிறாள் என்று யாராவது கேட்டால் டிசைனர் என்று சொல்கிறேன். பொய் இல்லை. காக்காய் போய் அணில் வந்தது, அணில் போய்ப் பூனை வந்தது. எதிலும் அவள் பெயர் கிடையாது; அங்கே யார் பெயரும் கிடையாது. வீட்டில் அவள் ஒரு கோடுகூடப் போட்டு நான் பார்த்ததில்லை. நான் அட்டை கொண்டுவருவதை நிறுத்திவிட்டேன். என்னோடு பேசுகிறாள், மாத்திரை வாங்கி வருகிறாள், ஞாயிற்றுக்கிழமை என்னோடு மாதா கோயிலுக்கு வந்து ஒரே பெஞ்சில் உட்காருகிறாள். என் கையில் மட்டும் எந்தக் காகிதத்தையும் கொடுப்பதில்லை. சம்பளச் சீட்டு, பேங்க் கடிதம், கல்யாணப் பத்திரிகை எதுவானாலும் அவளே படித்துச் சொல்லிவிட்டு எடுத்து வைத்துவிடுகிறாள்.

போன மாதம் எதிர்வீட்டு அம்மா தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். பொங்கலூர்க்காரர்கள். அந்தப் பெண்ணும் அதே படிப்பு முடித்திருந்தாள். மடியில் தடிமனான ஒரு ஃபைல். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில்தான் வரைகிறார்களாம், சி.டி.யும் இருந்தது. "அக்காகிட்டக் கேளு சாமி, அக்கா எப்படி வேலைக்குச் சேந்தாங்கன்னு" என்று அந்த அம்மா பெண்ணை முன்னால் தள்ளினார். "ஏனுங், எத்தன கம்பெனி ஏறி எறங்கிட்டோம்! எல்லாரும் டிரையல் குடுங்கறாங்க, அப்பறம் ஒரு பேச்சுங் காணோம். நானும் கூடவே போய் ஒக்காந்துட்டுத்தானுங்க வர்றேன்." அவர் முகத்தில் நான் கண்ணாடியில் பார்த்து மறந்த ஏதோ ஒன்று இருந்தது.

மகள் அந்த ஃபைலைப் புரட்டினாள். நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று சொல்லிக்கொண்டே போனாள். மூடிக் கொடுத்துவிட்டுச் சிரித்தாள். "ஒண்ணே ஒண்ணு சொல்றேன் கண்ணு. டிரையலுக்குப் போறப்ப அம்மாவ மட்டும் கூட்டிட்டுப் போகாத."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்தான் அதிகமாகச் சிரித்தாள். அவள் அம்மா சிரித்து முடித்து, ஒரு மாதிரி குழம்பி, என்னைப் பார்த்தார். "ஏனுங்க, உங்க புள்ள இப்படிச் சொல்றா?"

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். "சரியாத்தாங்க சொல்றா" என்றேன்.

மகள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.